மூக்கு சொல்லும், காது கெடுக்கும்

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் தாண்டிப் பாலாறு கடலில் சேரும் இடம் வரும். அதன் அருகே வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர். 1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகள் கிடைத்தன. ரௌலட்டட் வகைப் பானை ஓடுகளும், அடி கூம்பிய நீண்ட சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அந்தச் சாடிகளை ரோமானிய ஒயின் சாடிகளோடு, அதாவது ஆம்போராக்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாயிற்று. யவனர், கப்பல், தேறல் என்று கதை தானாகவே பின்னிக்கொண்டது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டனில் பணியாற்றிய பானை ஓட்டு நிபுணர் ராபர்ட்டா டாம்பர் இந்தியக் கடற்கரை ஊர்களில் கிடைத்த இத்தகைய துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். ரோமானியது என்று பதிவான பல துண்டுகள் ரோமானியப் பேரரசின் மண்ணே அல்ல. மெசபடோமியாவிலும் தென்மேற்கு ஈரானிலும் செய்த, ‘டார்பிடோ ஜாடி’ எனப்படும் வகை அவை. கைப்பிடி கிடையாது, உள்ளே நிலக்கீல் பூச்சு இருக்கும், காலமும் பிந்தியது. 2007-ல் அவர் இதை எழுதியபின், நம் கடற்கரையின் கூம்புச் சாடிகள் எல்லாவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பு ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மெசபடோமிய மாதிரிகள் அவர்கள் கையில் இல்லை. ‘யவனர் ஒயின்’ என்ற பெயரோ முன்பே மனதில் இருந்தது. பெயரைக் கேட்டபின் பொருளைப் பார்த்தால் கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும். இந்த அத்தியாயம் முழுக்க நாம் பேசப்போவது இதே கோளாறைப் பற்றி. பானை ஓட்டில் நடந்தது கிளாஸில் எப்படி நடக்கிறது என்பதுதான் விஷயம்.

யவன ஒயின் வரவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதே கடற்கரையில் இன்னும் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராக்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை. கிரேக்கத்தின் காஸ் தீவு பாணியில் செய்த சாடிகள் அங்கே நிறைய. சிலவற்றின் களிமண்ணில் இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் கருப்பு எரிமலை மணல் கலந்திருக்கிறது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 56-வது பாட்டு.

அந்தத் தேறல் எப்படி இருந்திருக்கும்? காஸ் தீவு ஒயினைப் போலவே செய்வது எப்படி என்று ரோமானியர் கேட்டோ கி.மு. 2-ம் நூற்றாண்டில் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். அறுவடைக்கு எழுபது நாள் முன்னால் நல்ல தண்ணீர் கலக்காத இடத்திலிருந்து கடல்நீர் எடுத்துவந்து, தெளியவைத்து, ஒயினில் சேர்க்க வேண்டும். சாடியின் உட்புறம் கசியாமலிருக்க பைன் மரப் பிசினைப் பூசுவார்கள். ஆக, அந்த ஒயின் கொஞ்சம் உப்புக் கரித்திருக்கும், பிசின் வாடை அடித்திருக்கும், பல மாதக் கடல் பயணத்தில் வெயிலும் குடித்திருக்கும். இன்றைய நிபுணர் ஒருவர் முன் வைத்தால் ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கிவிடுவார். அன்றைய அரசன் அதைப் பொற்கலத்தில் வாங்கிக் குடித்தான். அவன் நாக்கு மட்டமானது என்று யாராவது சொல்வார்களா?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளிலும் நடக்கும் ஒயின் டேஸ்டிங் மாலைகளுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்புதான். வெள்ளை விரிப்பு போட்ட மேஜை, ஒவ்வொருவர் முன்னும் நான்கைந்து கிளாஸ், நடுவில் துப்புவதற்கு ஒரு பாத்திரம், எதிரே நின்று பேசும் வழிகாட்டி. முதலில் நிறம் பார்க்கச் சொல்வார். பிறகு கிளாஸைச் சுழற்றி முகரச் சொல்வார். பிறகு ஒரு வாய். பிறகு குறிப்பு எழுதுவது. சங்கமாகச் சேர்ந்து நடத்துபவர்கள் மாதத்துக்கு ஒரு நாடு, ஒரு திராட்சை என்று பாடத்திட்டம் போல வைத்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகத் தெரியலாம்; பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மனிதப் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன, எப்படி ஏமாறுகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் அகப்படாது.

முதல் ஏமாற்றம் நாக்கைப் பற்றியது. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்ட மிகச் சிறிய வேறுபாட்டை, 1942-ல் எட்வின் போரிங் என்ற அமெரிக்கர் தம் நூலில் வரைந்த விதத்தில் பெரிதாக்கிவிட்டார். நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் உணரும். அதைவிட முக்கியம், நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி நாக்கில் நடப்பதே இல்லை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், அவ்வளவுதான். விரலை எடுத்ததும் ஏலக்காய் வந்து நிற்கும். வாயின் பின்புறம் தொண்டைக்கு மேலே மூக்குக்குப் போகும் வழி ஒன்று இருக்கிறது. மென்று விழுங்கும்போது வாசனை அந்த வழியாக ஏறுகிறது. மூளை அதை வாயில் நடந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறது.

நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்பும் கார்ப்பும் உண்டு. உடலியல் நூல்களின் அடிப்படைச் சுவைகளில் இரண்டும் இல்லை. அவை சுவை மொட்டுகளின் வேலையல்ல, முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் வேலை. சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின். அது உமிழ்நீரில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துத் திரிய வைத்துவிடும். வழுவழுப்பு போனதும் நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. நாவல்பழம் தின்றபோதும், கொட்டைப்பாக்கு மென்றபோதும் நடப்பது இதுதான். டீயில் பால் விட்டால் துவர்ப்பு தணிவதற்கும் இதே காரணம்: டானினுக்குப் பிடித்துக்கொள்ள உமிழ்நீருக்குப் பதில் பால் புரதம் கிடைத்துவிடுகிறது. ஒயினோடு சீஸ் வைக்கும் வழக்கமும் இதனால்தான் பொருந்துகிறது.

காரத்தின் கதை வேறு. மிளகாயின் காப்சைசின் தொடும் உணர்வி, உண்மையில் சூட்டை அறிவதற்கானது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரி வெப்பத்தில் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்குவதாக 2002-ல் கண்டார்கள். உடம்பின் வெப்பமோ 37. அப்படியென்றால் ஆல்கஹால் பட்ட வாய்க்குத் தன் சொந்தச் சூடே எரிச்சலாகிவிடும். மேலே மிளகாய்த்தூள் தடவிய வஞ்சிர வறுவலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாமல்லபுரத்து மீனுக்கு ஆல்கஹால் குறைந்த, குளிர்ந்த, லேசாக இனிக்கும் வெள்ளை ஒயினைச் சொல்லும் வழிகாட்டி நரம்பியல் படித்திருக்க வேண்டியதில்லை, அனுபவமே போதும். 15 சதவீத ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயினைப் பரிந்துரைப்பவர் அந்த வறுவலைச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இனி மூக்கு. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் வாசனை உணர்விகளின் மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அத்தகைய உணர்விகள் ஏறக்குறைய 400 வகை. அவற்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதற்கு நான் பார்த்த மிக அழகான சான்று மிளகு.

ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வருகிறது என்று ஆஸ்திரேலியர் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். அது வெறும் வர்ணனை என்றே பலர் நினைத்தார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த மூலக்கூறைப் பிடித்துவிட்டார்கள். பெயர் ரோட்டண்டோன். மிளகின் வாசனைக்கும் முக்கியக் காரணம் அதேதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதுவரை மிளகை மணக்க வைப்பது எது என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ரோட்டண்டோன் புதிய பொருளும் அல்ல. 1960களிலேயே கோரைக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்து, அந்தச் செடியின் அறிவியல் பெயரான ‘சைப்பிரஸ் ரோட்டண்டஸ்’ என்பதை வைத்துப் பெயரிட்டிருந்தார்கள். நலங்கு மாவில் போடுகிறோமே, அதே கோரைக்கிழங்கு. யவனர் ஒயின் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போன வாணிகத்தின் இரு பக்கமும் ஒரே மூலக்கூறு இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இதன் வீரியம் அசாதாரணமானது. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் ஏரி முழுக் கொள்ளளவில் 694 மில்லியன் கன அடி பிடிக்கும். அத்தனை தண்ணீரையும் மிளகு மணக்கச் செய்யச் சுமார் 160 கிராம் ரோட்டண்டோன் போதும். ஆனால் அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு, இதைப்போல ஐந்நூறு மடங்கு கலந்து கொடுத்தாலும் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அவர்கள் மூக்கில் குறையில்லை. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் சாவி இல்லை.

இப்போது டேஸ்டிங் மேஜைக்குத் திரும்புங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வழிகாட்டி ஷிராஸை ஊற்றிவிட்டு, “மிளகு வருதுங்களா?” என்கிறார். கணக்குப்படி இரண்டு பேருக்கு அது வரவே வராது. ஆனால் தலையாட்டுவது பத்துப் பேரும். அந்த இரண்டு பேர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசித்திரம். கேள்வியைக் கேட்டதுமே மிளகின் நினைவு எழுந்துவிடும். நினைவுக்கும் வாசனைக்கும் நடுவே மூளை கறாராகக் கோடு போடுவதில்லை.

2001-ல் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரை வைத்து ஷீல் மோரோ, பிரெடெரிக் புரோஷே, தெனி துபூர்தியு மூவரும் செய்த சோதனை இதைப் பச்சையாகக் காட்டியது. ஒரு வெள்ளை ஒயினை அப்படியே ஒரு கிளாஸில் கொடுத்தார்கள். அதே ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து இன்னொரு கிளாஸில் கொடுத்தார்கள். சாயம் போட்டதை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2008-ல் கலிபோர்னியாவில் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் மூளை ஸ்கேனுக்குள் 20 பேரைப் படுக்கவைத்து, 5 டாலர் ஒயினையே ஒருமுறை 5 டாலர் என்றும் ஒருமுறை 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது பிடித்திருக்கிறது என்றார்கள். இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. இதை ஏமாந்த கதையாக மட்டும் படிப்பது சரியல்ல என்பது என் கருத்து. அவர்களுக்கு உண்மையிலேயே அதிக இன்பம் கிடைத்திருக்கிறது. தகவலும் சுவையின் ஒரு சேர்மானம். பிரச்சினை, அந்தச் சேர்மானத்தை ஊற்றுவது யார் என்பதில்தான்.

நிபுணர்கள் தப்பிக்கிறார்களா? பாதி. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர், புள்ளியியல் அறிந்தவர், கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரத்தைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவரே. வாசனைக் கலவையைப் பிரித்துச் சொல்வதிலும் ஒரு வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் லேயிங் செய்த சோதனைகளில், நான்கு வாசனைகளுக்கு மேல் கலந்துவிட்டால் பயிற்சி பெற்றவர்களாலும் தனித்தனியே சொல்ல முடியவில்லை. எட்டுப் பழம், மூன்று பூ, ஒரு தோல்பை என்று நீளும் பாட்டில் குறிப்புகளை இனி நீங்கள் அதற்கேற்றபடி படித்துக்கொள்ளலாம்.

ஆனால் பயிற்சியால் பயனே இல்லை என்பதும் பொய். நிபுணரின் மூக்கு நம்முடையதைவிடக் கூர்மையானதல்ல. அவரிடம் இருப்பது முறையாக அடுக்கிய நினைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் நோபல் 1980களில் உருவாக்கிய வாசனைச் சக்கரம் அந்த அடுக்கலுக்கான கருவி. மலேசியத் தீபகற்பக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்கள் வாசனைகளுக்கு, நிறங்களுக்குச் சொல்வதைப் போலவே சுலபமாகப் பெயர் சொல்கிறார்கள் என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. வாசனைக்குப் பெயர் சொல்ல முடியாமை மனித இயல்பல்ல, பழக்கமின்மைதான்.

இங்கேதான் நம் ஊர் டேஸ்டிங்குகளின் மேல் எனக்கு ஒரு வருத்தம். சக்கரத்தில் இருப்பவை பிளாக்கரண்ட், ராஸ்பெர்ரி, வயலெட் பூ. செங்கல்பட்டில் வளர்ந்தவர் இவற்றை ஜாம் பாட்டிலில்கூடப் பார்த்திருக்க மாட்டார். வழிகாட்டி சொன்னதும் ‘ஆமாம், இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தேவையே இல்லாத அவஸ்தை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையை முகர்ந்தவர் மஸ்கட் வகை ஒயினை ஏற்கெனவே பாதி அறிந்தவர். அந்தத் திராட்சையே மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தான், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ரோஜாவின் ஜெரானியாலும், தனியாவின் லினலூலும் அதில் இருக்கின்றன. ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினில் தேங்காய் வாசனை வரும்; ஓக் மரத்தின் லாக்டோன் செய்யும் வேலை அது, அமெரிக்க ஓக்கில் கூடுதல். கிராம்பின் யூஜெனாலும் அதே பீப்பாயிலிருந்து வரும். சாவிஞோன் பிளாங்க் ஒயினில் குடைமிளகாயை வெட்டிய வாசனை. மிளகு, தேங்காய், கிராம்பு, தனியா, ரோஜா: நம் அடுப்படியில் வளர்ந்த மூக்குக்கு இதில் எதற்கும் விளக்கம் தேவையில்லை. நல்ல வழிகாட்டி, ஒரு தட்டில் இவற்றை நசுக்கி வைத்து முதலில் சுற்றுக்கு விடுவார்.

வெப்பமும் நம் ஊருக்கே உரிய சிக்கல். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறு என்பது ஐரோப்பாவின் கல்வீடுகளுக்குச் சொன்னது. அந்த அறை 16, 18 டிகிரி. கத்திரி வெயிலில் செங்கல்பட்டு 40-ஐத் தொடும். சூடேறிய கிளாஸிலிருந்து ஆல்கஹால்தான் முதலில் எழும்பி மூக்கை மூடும். அதனால் சிவப்பையும் கொஞ்சம் குளிரவைத்துத்தான் ஊற்ற வேண்டும். மிகவும் குளிர்ந்தால் வாசனை எழாது, துவர்ப்பு மட்டும் உறைக்கும். கடற்காற்று வீசும் திறந்தவெளியில் டேஸ்டிங் வைப்பது புகைப்படத்துக்கு அழகு, மூக்குக்கு வீண்.

நேர்மையான மாலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்தது உதாரணம். ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாட்டில்களின் பெயரை மறைத்து ஊற்றினார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களைத் தாண்டிக் கலிபோர்னியாவின் ஒயின்களுக்கு, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்புக்கும் வெள்ளையில் ஷாத்தோ மாண்டெலீனாவுக்கும், முதலிடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே சங்கத்தில் சேர நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதலில் எல்லோரையும் பேசாமல் எழுதவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி, கடைசியில்தான் பெயரும் விலையும் சொல்கிறாரா வழிகாட்டி? அப்படியானால் போகலாம். ஊற்றுவதற்கு முன்பே வர்ணனை தொடங்கிவிட்டால் அது விற்பனை. துப்பும் பாத்திரத்தையும் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். தொழில்முறை நிபுணர்கள் அனைவரும் துப்புகிறார்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஒயின் தொடாதவர்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, டீயா என்று தம்மால் சொல்ல முடியும் என்றார். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை, நான்கில் பாலும் நான்கில் டீயும் முதலில் ஊற்றி, கலைத்து வைத்துச் சோதித்தார். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பே உண்டு. நவீனப் புள்ளியியலின் பெரிய பகுதி அந்த மேஜையிலிருந்து கிளம்பியது.

வீட்டில் இரண்டு வகைக் காபித்தூளில் டிகாஷன் இறக்குங்கள். மூன்று டம்ளர் எடுத்து, இரண்டில் ஒரு வகையும் ஒன்றில் மற்றதும் ஊற்றி, எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறு யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தனியாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து ஐந்து முறை செய்யுங்கள். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஐந்து முறையும் சரியாகச் சொல்லிவிட்டால் அது தற்செயலாக நடந்திருக்க 243-ல் ஒரு வாய்ப்புதான்.